கரண்ட் பில் வீட்டுக்கு வீடு ஏன் மாறுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் பக்கம் மூன்று மாடி அப்பார்ட்மென்ட் ஒன்றில் குடியிருக்கிறோம். பன்னிரண்டு வீடு. சங்கத்தின் கணக்கு வழக்கைச் சில வருடம் நான் பார்த்ததில் ஒரு வேண்டாத பெயர் ஒட்டிக்கொண்டது: கரண்ட் கணக்குக்காரர். பில் மெசேஜ் வந்த அன்று சாயங்காலம் யாராவது கதவைத் தட்டுவார்கள், "சார், எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று. தினமும் காலையில் மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்த நோட்டை வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்று சொன்ன பதில்கள்தான் இவை.

யூனிட் என்றால் சரியாக என்ன?

1000 வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அப்படியானால் 2000 வாட் ஹீட்டர் அரை மணியில் ஒரு யூனிட்டை முடித்துவிடும். 10 வாட் செட்டாப் பாக்ஸ் அதே ஒரு யூனிட்டைத் தின்ன நூறு மணி நேரம் எடுக்கும். ஹீட்டரைப் பார்த்தால் பயப்படுகிறோம், செட்டாப் பாக்ஸைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஹீட்டரை அணைத்துவிடுகிறோம், பாக்ஸை அணைப்பதே இல்லை.

எதிர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே சாமான்கள்தான். பில் மட்டும் ஏன் இரண்டு மடங்கு?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர்கள் ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்கள். நான் கேட்பது வேறு. நீங்கள் எந்த மாடி? படுக்கையறைச் சுவர் மேற்குப் பக்கமா? பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிள்ளை எத்தனை மணி வரை படிக்கிறான்?

எங்கள் கட்டடத்திலேயே உதாரணம் இருக்கிறது. தரைத்தளத்து வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்குப் பூட்டினால் இரவு ஏழுக்குத்தான் திறப்பார்கள். வெயில் நாளிலும் அவர்களுக்கு ராத்திரி மட்டும் ஏசி போதும். நாங்கள் மூன்றாவது மாடி. வயதான அம்மா பகல் முழுக்க வீட்டில். கல்லூரிப் பையன் இரவு ஒரு மணிக்குத்தான் விளக்கை அணைப்பான். இரண்டு வீட்டிலும் 1.5 டன் ஏசி ஒன்று, ஃப்ரிட்ஜ் ஒன்று, ஃபேன் நான்கு. ஒரு கத்திரி வெயில் காலத்து இரண்டு மாத பில்லில் அவர்களுக்கு 380 யூனிட், எங்களுக்கு 640. மீட்டரில் கோளாறு இல்லை. அவர்கள் தலைக்கு மேல் மூன்று வீடு இருக்கிறது, எங்கள் தலைக்கு மேல் சூரியன் இருக்கிறது.

மேல்மாடி அவ்வளவு வித்தியாசம் செய்யுமா?

செய்யும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் அதைக் கீழே இறக்கும். மே மாதம் இரவு பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், இப்போதுதான் கல்லிலிருந்து இறக்கிய தோசை போலச் சுடும். வெளியே காற்று இறங்கியிருக்கும், அறைக்குள் இறங்காது. ஃபேன் அந்தக் கூரைச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி நம் மேல் தள்ளும். ஏசி போட்டால் முதல் ஒன்றரை மணி நேரம் அது அறைக் காற்றை மட்டும் குளிர வைக்கவில்லை, கூரையோடும் சுவரோடும் மல்லுக்கட்டுகிறது.

பழைய ஆட்களுக்கு இது தெரியும். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தி, அதன் மேல் தட்டை ஓடு பதிப்பார்கள். மழை நீர் வடிய வாட்டம், வெயிலுக்கு ஒரு போர்வை, இரண்டும் ஒரே வேலையில். இப்போது பல இடங்களில் வெறும் சிமென்ட் பூச்சோடு விட்டுவிடுகிறார்கள். எங்கள் மாடியும் அப்படித்தான் இருந்தது. சங்கத்தில் மூன்று கூட்டம் சண்டை போட்ட பிறகு ("மேல் வீட்டுக்காரருக்கு நாங்க ஏன் காசு கொடுக்கணும்?") வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடித்தோம். அடுத்த கோடையில் நோட்டைப் பார்த்தால் ஏசி ஓடிய நேரம் ராத்திரிக்கு ஒன்றரை மணியாவது குறைந்திருந்தது. பூச்சில் அழுக்கு ஏறினால் பலன் குறையும், ஆகவே பெருக்கிக் கழுவ வேண்டும். பூச்சுக்கு வசதியில்லாத வீட்டில் சுண்ணாம்பு அடிப்பதும், மாலையில் தளத்தில் தண்ணீர் தெளிப்பதும் கைகொடுக்கும். ஆனால் தண்ணீர்க் கஷ்டம் உள்ள தெருவில் இரண்டாவதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

மேற்குச் சுவரும் இதே கதை. பிற்பகல் வெயில் முழுக்க அதன் மேல்தான். ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது மேல். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடும்.

ஏசிதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

ஏசி உள்ள வீட்டில், ஆமாம். 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி நம் ஊர் வெயிலில் சராசரியாக மணிக்கு முக்கால் முதல் ஒன்றேகால் யூனிட் வரை எடுக்கும். ஒன்று என்றே வையுங்கள். ராத்திரிக்கு எட்டு மணி நேரம், 60 நாள்: 480 யூனிட். வீட்டின் மற்ற சாமான்கள் எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் இவ்வளவு வராது.

ஆனால் அந்த ஒரு யூனிட் முக்காலாகுமா ஒன்றேகாலாகுமா என்பது ஏசியைவிட அறையைப் பொறுத்தது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி, மூடாத வென்டிலேட்டர், தூசி அடைத்த ஃபில்டர். இன்னொன்று, புழுக்கம். சென்னையில் ஏசியின் வேலை குளிர்விப்பது மட்டுமல்ல, காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிவதும்தான். வெளிக்குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்துப் பாருங்கள், காலையில் கணிசமாகத் தண்ணீர் நிற்கும். அந்த ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய 0.2 யூனிட் போயிருக்கிறது. படுக்கையறைக்குள் ஈரத் துணியைக் கொடியில் காயப்போட்டு ஏசியும் போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் கரண்ட் கொடுத்துத் துணி காயவைக்கிறார்கள்.

24 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்களே, அது உண்மையிலேயே மிச்சமா?

மிச்சம்தான். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கிற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது அரசு சொல்லும் கணக்கு. 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று நினைத்துத்தான் பலர் வைக்கிறார்கள். வேகமெல்லாம் பெரிதாகக் கூடாது, நிறுத்துகிற இடம்தான் தள்ளிப் போகும். அப்புறம் நடுராத்திரியில் குளிர் தாங்காமல் கம்பளி தேடுவார்கள்.

26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். அம்மாவே ஒத்துக்கொண்டுவிட்டார்.

ஃபேன் எவ்வளவு எடுத்துவிடப் போகிறது?

ஒரு ஃபேன் கொஞ்சம்தான். ஆனால் நம் வீடுகளில் ஃபேன் நிற்பதே இல்லையே. பழைய ஃபேன் 75 வாட், ஒரு நாளைக்கு 15 மணி நேரம், 60 நாள்: 67 யூனிட். பி.எல்.டி.சி. மோட்டார் (பிரஷ் இல்லாத, கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டார்) ஃபேன் முழு வேகத்திலேயே 30 வாட் அளவில் ஓடும், அதாவது 27 யூனிட். ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். ஆள் இல்லாத அறையில் ஓடும் ஃபேனால் யாருக்கும் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, வியர்வையைத்தான் உலர்த்துகிறது.

பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஃபேன் வேகத்தைக் குறைத்தால் அந்த மிச்சத்தை அது சூடாக்கி வீணடிக்கும். தொட்டாலே தெரியும்.

பழைய ஃப்ரிட்ஜை மாற்றலாமா?

15 வருடம் தாண்டி, கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் யோசிக்கலாம். ஒரு நோட்டுத் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் அப்படித்தான் வெளியே வருகிறது. பல சமயம் ரப்பரை மட்டும் மாற்றினாலே போதும். அடுப்புக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தால் முதலில் அதைத் தள்ளிவையுங்கள், பின்புறம் காற்று போக வேண்டும்.

மாற்றினால் பழையதைத் தூக்கிப் போட வேண்டும். "தண்ணி பாட்டிலுக்கு ஆகும்" என்று அதை ஹாலில் ஓடவிட்டால் எதற்காகப் புதிது வாங்கினோம்?

நட்சத்திரம் ஐந்து இருந்தால் போதுமா?

எந்த வருடத்து ஐந்து என்று பாருங்கள். நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவார்கள். 2022 ஜூலையில் ஏசிகளுக்கு அப்படி மாற்றியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்தது நான்காக இறங்கியது. லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றும் அச்சிட்டிருப்பார்கள். நட்சத்திரத்தைவிட அந்த எண் நேர்மையானது.

கிரைண்டர், மிக்ஸி?

விட்டுவிடுங்கள். 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் அரை மணி நேரம் மாவாட்டினால் 0.075 யூனிட். மாவுப் பாக்கெட் வாங்கப் போகும் வண்டிக்கு ஆகும் பெட்ரோல் அதைவிட அதிகம்.

தண்ணீர் மோட்டாரை யாருமே சொல்வதில்லையே?

சத்தம் வெளியே கேட்பதால் அது தெருவின் செலவு என்று நினைத்துவிடுகிறோம் போல! ஒரு ஹெச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தனி வீட்டில் தினம் முக்கால் மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். கோடையில் போரில் தண்ணீர் கீழே போனால் அதே டேங்க் நிரம்ப இன்னும் அதிக நேரம். வெயில் காலத்து பில்லில் இதுவும் ஒளிந்திருக்கிறது. மேலே டேங்க் நிரம்பி, சன்ஷேடு வழியாக ஊற்றி, பக்கத்து வீட்டு அக்கா "மோட்டாரை நிறுத்துங்க" என்று கத்திய பிறகுதான் நிறுத்துவது பல தெருக்களின் வழக்கம். டேங்க் நிரம்பியதும் தானாக நிறுத்தும் சுவிட்ச் ஒன்று மாட்டினால் கரண்டும் மிச்சம், அக்காவின் தொண்டையும் மிச்சம்.

குளிக்க வெந்நீர்?

15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். எந்த கம்பெனி ஹீட்டராக இருந்தாலும் இதற்குக் குறையாது, அது தண்ணீரின் குணம். நம் ஊர் மாடி டேங்கில் தண்ணீர் பெரும்பாலான மாதங்களில் ஏற்கெனவே வெதுவெதுப்பு, அதனால் சென்னைக்காரர் பத்து டிகிரி கூட்டினால் போதும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே ஃபேன், ஏசி செலவு இல்லை, பில்லை நிரப்புவது ஹீட்டர்தான்.

வீட்டில் ஆள் கூடினால் கரண்டும் அதே அளவு கூடுமா?

கூடாது. ஃப்ரிட்ஜ் ஒருவருக்கும் ஓடும், ஆறு பேருக்கும் ஓடும். ஹாலில் ஒரு டிவி, ஒரு ஃபேன், சுற்றி ஐந்து பேர். தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் கூட்டுக் குடும்பம்தான் சிக்கனம். தனியாக இருப்பவர் ஒருவருக்காக ஒரு வீட்டையே ஓட்டுகிறார்.

எத்தனை பேர் என்பதைவிட எத்தனை அறையில் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு அறை, அறைக்கொரு ஏசி என்று ஆனால் அதே நான்கு பேர்தான், பில் வேறு. 2020 ஊரடங்கில் ஆபீஸ் வீட்டுக்கு வந்ததும் இதே மாதிரி. பகலில் பூட்டிக் கிடந்த அறைகள் எல்லாம் விழித்துக்கொண்டன.

வருமானமும் சேரும். ஒரு தலைமுறைக்கு முன் பல வீடுகளில் ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன். 2006-ல் ஆட்சிக்கு வந்த அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது, 2011-ல் வந்த அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அதையெல்லாம் வீண் செலவு என்று சொல்கிறவர்கள் ஆட்டுக்கல்லில் ஒரு நாள் மாவாட்டிப் பார்க்கலாம். கரண்ட் அதிகம் ஆவது எல்லா வீட்டிலும் குற்றமல்ல. சில வீடுகளில் அது இடுப்பு வலி குறைந்த கணக்கு.

500 யூனிட்டைத் தாண்டினால் பில் எகிறுகிறது என்கிறார்களே?

நிஜம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம் (2016 முதல்). அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். பைசா அதன் பின் மாறியது, ஆனால் கணக்கு புரிய இது போதும்.

சரியாக 500 யூனிட்: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25 வீதம் 225 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50 வீதம் 900, கடைசி 100-க்கு 6 வீதம் 600. மொத்தம் 1725.

510 யூனிட்: 2.25 என்ற சலுகை விலையே போய்விடும். 300 யூனிட்டுக்கு 4.50 வீதம் 1350, அடுத்த 100-க்கு 600, கடைசி 10-க்கு 8 வீதம் 80. மொத்தம் 2030.

பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். கோட்டுக்கு அருகில் இருக்கும் வீட்டுக்கு ஒரு பி.எல்.டி.சி. ஃபேனே இந்தக் கோட்டைத் தாண்டாமல் நிறுத்திவிடும். 250 யூனிட் வீட்டுக்கு அதே ஃபேன் மெதுவாகத்தான் காசைத் திருப்பும். "எதை மாற்றினால் லாபம்?" என்று கேட்பவரிடம் முதலில் பில்லைக் காட்டச் சொல்வது இதனால்தான்.

ரீடிங் தேதியையும் பாருங்கள். 60 நாளில் 490 ஓடுகிற வீடு, 64-ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 522 காட்டும். நீங்கள் எதுவும் கூடுதலாகச் செலவழிக்கவில்லை, நாள்தான் கூடியது.

வாடகை வீட்டில் இருக்கிறேன். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வாங்குகிறார்.

முதலில் தனி மீட்டரா, ஓனர் மீட்டரிலிருந்து இழுத்த சப்-மீட்டரா என்று பாருங்கள். அதே 2022 கணக்கில், 300 யூனிட் ஓடும் இரண்டு குடும்பத்துக்குத் தனித்தனி இணைப்பு இருந்தால் ஆளுக்கு 675, மொத்தம் 1350. இருவருக்கும் ஒரே மீட்டர் என்றால் 600 யூனிட், 2750 ரூபாய். யாரும் ஒரு பல்பு கூட அதிகம் போடவில்லை. இங்கே குடிவரும் முன் நானும் இப்படி ஒரு மாடிப் போர்ஷனில் மூன்று வருடம் இருந்தேன். "யூனிட் எட்டு ரூபாய், இஷ்டம்னா இருங்க" என்பதுதான் பேச்சுவார்த்தை. 100 யூனிட் இலவசம் என்று ஊரெல்லாம் பேசும், எங்களுக்கு முதல் யூனிட்டே எட்டு ரூபாய்.

கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டியவர் ஓனர், பில் கட்டுகிறவர் குடியிருப்பவர். ஆகவே யாரும் அடிப்பதில்லை. கையோடு கழற்றி எடுத்துப் போகக்கூடியவற்றில் காசைப் போடுங்கள்: ஃபேன், எல்.இ.டி. விளக்கு, வெளித் தட்டி.

எல்லாம் அணைத்திருக்கிறேன், மீட்டர் ஓடுகிறது. திருட்டா?

பெரும்பாலும் இல்லை. மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். பலவற்றில் 3200. ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் சுவிட்சில் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 10 மினுக்கு என்றால் 187 வாட் எங்கோ போகிறது. ரிமோட்டில் மட்டும் அணைத்த ஏசி, செட்டாப் பாக்ஸ் (10 வாட் என்றாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட்), மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம். பேட்டரி கிழடானால் அது சார்ஜ் குடித்துக்கொண்டே இருக்கும்.

எல்லாம் கழற்றியும் மினுக்கினால் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் வீட்டு வயரிங்கில் கசிவு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அப்போதும் மினுக்கினால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து மீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேஸை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினால்?

14.2 கிலோ சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்‌ஷன் அடுப்பு செய்ய ஏறக்குறைய 140 யூனிட் ஆகும். அந்த 140 உங்களுக்கு 4.50-ல் விழுந்தால் 630 ரூபாய், 8-ல் விழுந்தால் 1120. திரும்பவும் அதே 500 கோடுதான். ஏசி வீட்டில் கோடை மாதத்தில் நான் மாறச் சொல்ல மாட்டேன்.

சோலார் போடலாமா?

மாடி உங்களுடையது என்றால் போடுங்கள். ஒரு கிலோவாட் நம் ஊர் வெயிலில் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 720. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பேனல் விழுகிற இடத்தில் தளத்துக்கு நிழலும் கிடைக்கும்.

அப்பார்ட்மென்டில் மொட்டை மாடி பன்னிரண்டு பேருக்கும் பொது. வெள்ளைப் பூச்சுக்கு மூன்று கூட்டம் ஆயிற்று என்றேனே, சோலாருக்கு இதுவரை ஐந்து ஆகிவிட்டது. துணி எங்கே காயப்போடுவது என்பதிலேயே நிற்கிறோம்.